ஆழ்கடலுக்கு முன் ஆயத்தம்: பாய்ப்படகின் காக்பிட்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், உலகைச் சுற்றிவந்த பாய்ப்படகு ஒன்று கோவாவில் கரை சேர்ந்தது. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த அப்படகின் பெயர் ‘தாரிணி’. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அதே கோவாவிலிருந்து அது புறப்பட்டபோது அதில் இருந்தவர் இருவரே. ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் கடற்படை அதிகாரிகள். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லண்ட் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய துறைமுகங்களில் தங்கி, எட்டு மாதங்களில் அவர்கள் உலகைச் சுற்றி வந்தனர்.

இச்செய்தியைக் கேட்டுப் பெருமிதம் கொண்ட நேயர்களின் உள்ளத்தில் ஒரு வினாவும் எழுந்திருக்கலாம். மலைபோல் அலை எழும் கடலில் ஒரு சிறு படகு எவ்வாறு மூழ்காமல் செல்கிறது? அதில் இருப்போர் எவ்வாறு தவறி விழாமல் இருக்கின்றனர்? துணிவும் பயிற்சியும் காரணங்கள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னரே, துறைமுகத்தில் படகு கட்டியிருக்கும்போதே செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது காக்பிட்டை ஆயத்தம் செய்வது. மும்பை, கோவா, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற துறைமுக நகரங்களில் வாழும் தமிழர் பலருடைய பிள்ளைகள் இன்று பாய்ப்படகு ஓட்டப் பழகி வருகின்றனர். அவர்களுக்கும், அவர்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில் இதனை விளக்க முயல்வோம்.

காக்பிட் என்பது யாது? பாய்ப்படகின் மேல்தளத்தில், பெரும்பாலும் பின்பகுதியில், தொட்டிபோல் தாழ்ந்திருக்கும் இடமே அது. இரு பக்கமும் இருக்கைகள். நடுவே கால் வைக்கும் பள்ளம். ஒரு முனையில் சுக்கானைத் திருப்பும் கைப்பிடி அல்லது சக்கரம். மறு முனையில் உள்ளறைக்கு இறங்கும் வாயில். பாய்களை இழுக்கும் கயிறுகள் அனைத்தும் இங்கேதான் வந்து சேர்கின்றன. காவல் முறையில் விழித்திருப்பவர் இரவும் பகலும் இங்கேதான் அமர்ந்திருப்பர். வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, படகுக்குக் காக்பிட் அப்படி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இந்தத் திண்ணைக்கு விருந்தாளியாக வருவது கடலலை.

நம் கடற்கரையின் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் பள்ளம் இல்லை, அறையும் இல்லை. மரங்களுக்கிடையே ஏறிய நீர் அவ்வழியே இறங்கிவிடும். ஆகவே கட்டுமரத்தில் நீர் நிறைவதென்ற பேச்சுக்கே இடமில்லை. மறுபுறம், மூடிய புட்டிபோன்ற கலத்தினுள் நீர் புகவே வழியில்லை. காக்பிட் உள்ள படகு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் உடல் மூடிய கலம். ஆனால் அதன் மேல் திறந்த தொட்டி ஒன்று இருக்கிறது. அத்தொட்டியிலிருந்து கலத்தினுள் செல்லக் கதவும் இருக்கிறது. படகின் வலிமையும் ஆபத்தும் இங்கேதான் சந்திக்கின்றன. எனவே நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். தொட்டியில் விழுந்த நீர் எவ்வளவு விரைவில் வெளியேறும்? அது அறைக்குள் புகாமல் தடுக்கப்படுமா? அங்கே இருக்கும் மனிதர் அலையோடு போய்விடாமல் காக்கப்படுவரா?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு காக்பிட்டின் நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்று கொள்வோம். அதன் கொள்ளளவு ஒன்றரைக் கன மீட்டர். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோகிராம். ஆகவே ஓர் அலை அத்தொட்டியை நிரப்பினால், 1,500 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒரு நொடியில் படகின் பின்பகுதியில் ஏறிவிடுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஒருங்கே வந்து அமர்ந்தது போலாகும். பின்பகுதி தாழும், அடுத்த அலை இன்னும் எளிதாக ஏறும். முதல் அலையைத் தாங்கிய படகும் மூன்றாம் அலையில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

இந்த நீரை வெளியேற்றக் காக்பிட்டின் தரையில் வடிகுழாய்கள் உண்டு. எட்டரை மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு திறப்புகளின் பரப்பேனும் வேண்டுமென்று ஆழ்கடற் பந்தயங்களுக்கான சர்வதேச விதிகள் கூறுகின்றன. இது குறைந்த அளவு என்பதை மறக்கலாகாது. நாம் மேலே கூறிய நிறைந்த தொட்டி, இத்தகைய நான்கு திறப்புகளின் வழியே வடிய எளிய கணக்கின்படி சுமார் பத்து நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடங்களில் எத்தனை அலைகள் வரும்! விட்டத்தை இருமடங்காக்கி 40 மில்லிமீட்டர் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். நேரம் கால்பங்காகக் குறையும். ஆதலால் நெடும்பயணம் போக விரும்புவோர் வடிகுழாயைப் பெரிதாக்குவதையே முதற் செலவாகக் கொள்ளுதல் நலம்.

வடிகுழாயின் வாயில் சல்லடை வைத்திருந்தால், சல்லடைக் கம்பிகள் அடைக்கும் பரப்பைக் கழித்தே கணக்கிட வேண்டும். கயிற்றுத் துணுக்கு, பிஸ்கட் சுற்றிய தாள், பழத்தோல் ஆகியவை போதும், அதனை முற்றிலும் அடைத்துவிட. குழாய்களைப் படகின் உடலோடு இணைக்கும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு இறுக்கு வளையங்கள் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கும் குழாய்க்கு மூடும் வால்வு வேண்டும். அது கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். துருப்பிடித்து இறுகிய வால்வு, வால்வே இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அத்துளைக்கு ஏற்ற மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய மாலுமிகளின் வழக்கம். இன்றும் அதனை மிஞ்சிய முறை இல்லை.

இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. படகு துறையில் கட்டியிருக்கும்போது, நீர்க்குழாயைக் கொண்டு காக்பிட்டை நிரப்புங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வடிய விடுங்கள். அதே சமயம் ஒருவர் உள்ளறைக்குச் சென்று, எங்கேனும் நீர் கசிகிறதா என்று விளக்கை வைத்துப் பார்க்கட்டும். ஒரு மாலைப் பொழுதில் முடியும் இச்சோதனை, நூல் பல படித்தாலும் கிட்டாத உண்மையை நமக்குச் சொல்லும்.

இனி இரண்டாம் கேள்வி: நீர் அறைக்குள் புகாமல் தடுப்பது எப்படி? இதற்கு விடை 1979-ஆம் ஆண்டின் துயர நிகழ்ச்சியிலிருந்து கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்கோடியிலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. 13-ஆம் நாள் இரவு கடும்புயல் எழுந்தது. பந்தயத்தில் சென்ற 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டனர். ஆனால் வியப்பு என்னவென்றால், அவ்விருபத்து நான்கில் மூழ்கியவை ஐந்தே. மற்ற 19 படகுகளும் புயல் ஓய்ந்த பின்னர் மிதந்துகொண்டிருக்கக் காணப்பட்டன.

அதன் பின்னர் நடந்த விசாரணை, படகுகளினுள் நீர் புகுந்ததற்குப் பெருங்காரணமாகச் சுட்டிக்காட்டியது காக்பிட்டிலிருந்து அறைக்குச் செல்லும் வாயிலையே. அந்த வாயிலை அடைப்பவை, ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்படும் பலகைகள். நம் ஊர்க் கடைவீதிகளில் பழைய கடைகளை நேயர்கள் பார்த்திருப்பர். இரவில் கடையைக் கட்டும்போது, எண்ணிட்ட பலகைகளை வரிசையாகக் காடியில் செருகி, குறுக்குச் சட்டமிட்டுப் பூட்டுவார்கள். படகின் வாயிற்பலகைகளும் அவ்வகையினவே. கடைப்பலகை நேராக நிற்கும் கட்டடத்தில் இருக்கிறது. படகோ தலைகீழாகவும் புரளக்கூடும். குறுக்குச் சட்டம் இல்லாத பலகைகள், படகு கவிழ்ந்த கணத்தில் காடியிலிருந்து நழுவிக் கடலில் விழுந்துவிடும். படகு மீண்டும் நிமிரும்போது வாயில் திறந்து கிடக்கும். அடுத்த அலை நேரே அறைக்குள் இறங்கும்.

ஆகவே வாயிற்பலகைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. ஒன்று, படகு எப்படிப் புரண்டாலும் நழுவாதபடி தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இரண்டு, அத்தாழ்ப்பாளை உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்க முடிய வேண்டும். இல்லையேல் உள்ளே இருப்பவர் சிறைப்பட்டுவிடுவர். மூன்று, ஒவ்வொரு பலகையும் ஒரு கயிற்றால் படகோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கைதவறினாலும் கடலுக்குப் போகாது. வானிலை கெடத் தொடங்கும்போதே அடிப்பலகையைச் செருகிவிடுவது நன்று. காற்று வருவதற்காக வாயிலைத் திறந்து வைக்கும் ஆசை, நம்மைப் போன்ற வெப்பநாட்டாருக்கு மிகுதி. அந்த ஆசையை அடக்குவதும் ஆயத்தத்தில் ஒரு பகுதி.

அறைவாயில் மட்டுமன்று, இருக்கைகளின் அடியில் உள்ள பெட்டகங்களும் கவனத்துக்குரியவை. அவற்றின் மூடிகள் நேரே படகின் அடிவயிற்றுக்குத் திறப்பவை. மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டையும், தானே திறந்துகொள்ளாத கொக்கியும் வேண்டும். சமையல் எரிவாயு உருளை இருக்கும் பெட்டகம் தனிவகை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். படகின் அடியில் தேங்கிய வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கும். எனவே அப்பெட்டகம் உட்புறம் முழுவதும் அடைபட்டும், அதன் வடிகால் படகுக்கு வெளியே திறந்தும் இருக்க வேண்டும்.

எவ்வளவு அடைத்தாலும் சிறிது நீர் புகத்தான் செய்யும். அதனை இறைக்கக் கைப்பம்பு ஒன்று அறைக்குள்ளும் மற்றொன்று காக்பிட்டிலும் வேண்டும். காக்பிட்டில் உள்ள பம்பை, எல்லா மூடிகளையும் வாயிலையும் அடைத்த நிலையிலேயே இயக்க முடிய வேண்டும் என்பது விதி. பம்பின் கைப்பிடி எங்கோ பெட்டகத்தில் கிடந்தால் பயனில்லை. அதனையும் கயிற்றால் அங்கேயே கட்டி வைக்க வேண்டும். இவற்றோடு ஒன்பது லிட்டருக்குக் குறையாத உறுதியான இரண்டு வாளிகள், பிடிகயிற்றுடன் இருத்தல் வேண்டும். அச்சம் கொண்ட மனிதன் கையில் ஒரு வாளி இருந்தால் அதனை வெல்லும் பம்பு இல்லை என்று மாலுமிகள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை.

மூன்றாவது கேள்வியே அனைத்திலும் பெரியது. படகு தப்பலாம், மனிதர் தப்ப வேண்டாமா? ஆறு கடல்மைல் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் சுமார் 185 மீட்டர் சென்றுவிடுகிறது. தவறி விழுந்தவரின் தலை, அலைகளுக்கிடையே அத்தொலைவில் ஒரு தேங்காயினும் சிறிதாகத் தோன்றும். இரவில் தோன்றவே தோன்றாது. ஆதலால் விழுந்தவரை எடுப்பது எப்படி என்று சிந்திக்குமுன், விழாமல் இருப்பது எப்படி என்று சிந்திக்க வேண்டும்.

இதற்கு மார்பில் அணியும் பாதுகாப்பு வாரும், அதிலிருந்து படகுக்குச் செல்லும் பிணைக்கயிறும் உண்டு. பிணைக்கயிறு இரண்டு மீட்டருக்கு மேற்படலாகாது. ஒரு மீட்டர் அளவில் இன்னொரு கொக்கியும் இருப்பது சாலச் சிறந்தது. அதனை மாட்டுவதற்கான இரும்பு வளையங்கள் தளத்தின் ஊடே மரையாணி செலுத்தி, அடியில் தகடு வைத்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பலகையில் திருகாணியால் மட்டும் பொருத்திய வளையம் பாரம் வந்ததும் பிடுங்கிக்கொள்ளும். ஃபாஸ்ட்நெட் துயரத்தில் இறந்தவருள் சிலர், வாரோ அதன் பிணைப்போ அறுந்தமையால் கடலில் போனவர்களே.

வளையங்களை எங்கே பொருத்துவது? ஒன்று அறைவாயிலின் அருகே, உள்ளிருந்து கை நீட்டி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். மேலே வருபவர் முதலில் கொக்கியை மாட்டிக்கொண்டு பிறகே படியேற வேண்டும். கீழே போகிறவர் இறங்கிய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். மற்றொன்று சுக்கான் பிடிப்பவர் அருகில். படகில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வளையங்கள் இருக்க வேண்டும். அறுவர் சென்றால் நான்கு பேருக்கு இடம் வேண்டும். கூடியவரை அவை காக்பிட்டின் நடுவே அமைவது நன்று. விளிம்பில் மாட்டினால் கயிறு முழுநீளமும் வெளியே போக இடங்கொடுக்கும். நடுவில் மாட்டினால் மனிதரை உள்ளேயே நிறுத்தும்.

காக்பிட்டிலிருந்து முன்தளத்துக்குச் செல்வோருக்காக, இரு பக்கமும் நெடுக நாடாவொன்றை இழுத்துக் கட்டுவர். உருண்டைக் கயிறு காலடியில் உருண்டு சறுக்கும். ஆகவே தட்டையான நாடாவே தக்கது. ஆனால் செயற்கை நூலாலான நாடாவை வெயில் மெல்ல மெல்லத் தின்றுவிடும். நம் நாட்டு வெயிலில் பளபளப்பு மங்கி வெளுத்த நாடாவை நம்பலாகாது. பயணம் இல்லாத காலத்தில் கழற்றி நிழலில் வைப்பதும், காலம் தவறாமல் மாற்றுவதும் இன்றியமையாதவை.

கொக்கியைப் பற்றியும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு நவம்பரில், உலகைச் சுற்றும் பந்தயத்தில் தென்கடல் வழியே சென்ற படகு ஒன்றில், முன்தளத்தில் பணி செய்தவர் அலையால் வெளியே தள்ளப்பட்டார். அவர் பிணைக்கயிறு மாட்டியிருந்தார். ஆனால் கொக்கி, தளத்தில் கயிறு கட்டும் குமிழ் ஒன்றின் அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து திறந்துகொண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. நேராக இழுத்தால் பெரும்பாரம் தாங்கும் கொக்கி, பக்கவாட்டில் இழுத்தால் மிகச் சிறிய பாரத்திலேயே தோற்கும் என்பதை அவ்விசாரணை உலகுக்கு எடுத்துக்காட்டியது. ஆகவே கொக்கி சென்று சிக்கக்கூடிய இடங்களைத் துறைமுகத்திலேயே நடந்து பார்த்து, நாடாவை அவற்றிலிருந்து விலக்கிக் கட்டுதல் வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னர் ஒருவர் விழுந்துவிட்டால்? சுக்கான் பிடிப்பவர் எழுந்திருக்காமல் கை நீட்டி எடுக்கும் இடத்தில், தானே எரியும் விளக்கு இணைத்த மிதவை வளையம் இருக்க வேண்டும். 15 முதல் 25 மீட்டர் நீளமுள்ள எறிகயிறு, சிக்கல் இல்லாமல் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். உறையிட்ட கூர்மையான கத்தி ஒன்று, சிக்கிய கயிற்றை அறுக்க, அருகிலேயே கட்டியிருக்க வேண்டும். ஆனால் அக்கத்தியையும் கைப்பேசியையும் திசைகாட்டியின் பக்கத்தில் வைக்கலாகாது. காந்தமுள் வழி தவறும். கயிறுகளின் மிச்சம் காலடியில் கிடக்காமல், பக்கத்துப் பைகளில் சுருட்டி வைக்கப்பட வேண்டும். காலடியில் கிடக்கும் கயிறு நடப்பவரை இடறும். வெளியே சென்றால் எந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வடிகுழாயின் வாயையும் அடைக்கும்.

இவற்றையெல்லாம் பொருத்திய பின்னரும் ஆயத்தம் முடிந்துவிடுவதில்லை. பொருத்தியவர் பகலில், துறைமுகத்தின் அமைதியில், நிதானமாகப் பொருத்தினார். பயன்படுத்துபவரோ இருட்டில், மழையில், கைவிரல் மரத்த நிலையில் தேடுவார். ஆகவே ஒரு நாள் இரவு, துறையிலேயே, விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். கொக்கியை மாட்டுங்கள், வாயிற்பலகையைச் செருகித் தாழிடுங்கள், உள்ளே இருப்பவர் திறக்கட்டும், பம்பின் கைப்பிடியை எடுங்கள், கத்தியை எடுங்கள். எந்தப் பொருளைத் தேட நேர்ந்ததோ, அந்தப் பொருளின் இடம் தவறு. படகில் வரும் அனைவரும், முதன்முறை வருபவர் உட்பட, இதனைச் செய்து பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பெரிய பயணிகள் கப்பலே ஏறத்தாழ மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. பாய்ப்படகில் அவ்வழி செல்பவருக்கு நடுக்கடலில் உதவி உடனே கிட்டாது. கையருகே உள்ளதே உதவி.

இத்தகைய ஆயத்தம் பெரும் பொருட்செலவில் மட்டுமே கைகூடும் என்று எண்ண வேண்டுவதில்லை. தனியொருவராக, எங்கும் நில்லாமல், முதன்முதலில் உலகைச் சுற்றிய படகு ‘சுஹைலி’. 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் புறப்பட்டு, 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், 312 நாள்களுக்குப் பின் அது இங்கிலாந்து திரும்பியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் செலுத்திய, பத்து மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அந்தத் தேக்குமரப் படகு நம் மும்பையில், இந்தியத் தச்சர்களின் கைகளால் உருவானது. உலகைச் சுற்றிய ‘தாரிணி’யும் கோவாவில் கட்டப்பட்டதே. நல்ல படகு செய்யும் கை நம்மிடம் உண்டு. அதனை ஆயத்தம் செய்யும் பொறுமையும் நம்மிடம் வளர வேண்டும்.

வடிகுழாய், வாயிற்பலகை, பிணைவளையம் என்ற இம்மூன்றும் பார்வைக்கு எளியவை. பாய் விரிந்த படகைக் கண்டு மகிழ்வோர் இவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் உங்கள் மகனோ மகளோ முதன்முதலாகக் கரை மறையும் தூரத்துக்குப் படகில் செல்லும் நாளில், வழியனுப்பத் துறைக்குச் செல்லும்போது, இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை வந்தால், மன நிறைவோடு கையசைத்து அனுப்பலாம். தயக்கம் இருந்தால், புறப்பாட்டை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கடல் நாளையும் அங்கேதான் இருக்கும்.